எந்த முனையிலிருந்து எண்ணுவது? வழுநீக்கத் தகவலில் பிட் புலங்கள்

மலேசியாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட காலத்திலேயே இண்டெல் அங்கே கால் ஊன்றியது. பிறகு சில்டெர்ராவின் சிலிக்கன் தகட்டு ஆலை வந்தது. இன்ஃபினியன் 2006இல் மின்திறன் சில்லுகளுக்கான ஆலையைத் திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தையும் தொடக்கியது. லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த ஆலைகளுக்கும் பக்கத்துப் பினாங்குக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார்கள். இப்படிப்பட்ட தொழிலில் ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களும், எழுதியதைச் சோதனைப் பலகையில் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்கள் நாள்தோறும் நம்பியிருக்கும், ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு தகவலைப் பற்றியது.

சில்லுக்குள் இருக்கும் ரிஜிஸ்டர் ஒன்று பெரும்பாலும் 32 பிட் அகலம். அந்த 32 பிட்டும் ஒரே எண் அல்ல. மூன்று பிட் இயக்க நிலையைச் சொல்லும். ஐந்து பிட் எந்த வழித்தடம் என்று சொல்லும். பன்னிரண்டு பிட் எண்ணிக்கையைத் தாங்கும். மீதி சும்மா கிடக்கும். சி மொழியில் இதை ஒரு ஸ்ட்ரக்டில் பெயருக்குப் பின்னே முக்காற்புள்ளியும் பிட் எண்ணிக்கையும் போட்டு எழுதலாம். அதுதான் பிட் புலம். நிரலை நிறுத்திவைத்து "வழித்தடம் எத்தனை?" என்று கேட்டால், டீபக்கர் எனப்படும் வழுநீக்கி ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த ஐந்து பிட் எங்கே தொடங்குகிறது என்று அதற்குச் சொன்னது யார்? மூலநிரலில் அந்த விவரம் கிடையாது. கம்பைலர் தன் முடிவை வழுநீக்கத் தகவலாகப் பைனரிக்குள் எழுதிவைக்கிறது. வழுநீக்கி அதைப் படிக்கிறது. அந்த எழுத்துமுறை நாற்பது ஆண்டுகளாக எப்படி மாறிவந்தது, எங்கே சறுக்கியது, இன்னும் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை ஒருசேரப் பார்ப்போம்.

மொழி விட்டுக்கொடுத்த இடம்

சி தரநிலை பிட் புலத்தைப் பற்றிச் சொல்வது குறைவு. அடுத்தடுத்து வரும் இரண்டு பிட் புலங்களுக்கு ஒரே சேமிப்பு அலகில் இடம் இருந்தால், அவை ஒட்டி அமர வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டாவது புலம் அடுத்த அலகுக்குப் போகலாம், அல்லது இரண்டு அலகுகளிலும் கால் வைத்து நிற்கலாம். அது கம்பைலரின் விருப்பம். அலகுக்குள் மேல் பிட்டிலிருந்து நிரப்புவதா கீழ் பிட்டிலிருந்து நிரப்புவதா என்பதும் அதன் விருப்பம். பிட் புலத்தின் முகவரியை எடுக்க முடியாது. அதற்கு சைஸ்ஆஃப் போட முடியாது. ஆக, நிரல் எழுதுகிறவர் அது எங்கே இருக்கிறது என்று மொழியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மொழி விட்ட இடத்தை நிரப்புவது ஏபிஐ என்னும் இயங்குதள ஒப்பந்தம். யுனிக்ஸ் வழிவந்த சிஸ்டம் ஃபைவ் ஒப்பந்தத்தில், ஒரு பிட் புலம் தன் அறிவிக்கப்பட்ட வகையின் எல்லையைத் தாண்டி நிற்காது. ஆனால் வேறு வகைப் புலம் பக்கத்தில் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் வழியில் வகையின் அளவு மாறினாலே புதிய அலகு தொடங்கிவிடும். நான்கு பிட் 'சார்', அதையடுத்து நான்கு பிட் 'இண்ட்' என்று எழுதிப் பாருங்கள்: லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் அதை 4 பைட்டில் முடிக்கும், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 8 பைட் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் வழியைப் பின்பற்றவென்றே ஜிசிசியில் தனி விருப்பத் தேர்வு ஒன்று இருக்கிறது.

பைட் வரிசை இந்தக் குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறது. லினக்ஸ் கெர்னலில் ஐபி தலைப்புக்கான ஸ்ட்ரக்டைத் திறந்தால், முதல் பைட்டின் இரண்டு நான்கு பிட் புலங்களும் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கும்: லிட்டில் எண்டியன் கணினிக்குத் தலைப்பின் நீளம் முதலில், பதிப்பு எண் பிறகு, பிக் எண்டியனுக்கு அப்படியே தலைகீழாக. வலையில் போகும் பைட் ஒன்றுதான். அதைப் படிக்கும் கம்பைலர்கள் நிரப்பும் திசைதான் வேறு.

இத்தனை விருப்பங்களில் எது நடைமுறையானது என்பதற்குக் குறிப்பிட்ட ஒரு பைனரியைப் பொறுத்தவரை எழுத்தில் இருக்கும் நேரடிச் சான்று வழுநீக்கத் தகவல்தான். அதனால்தான் அதன் துல்லியம் பொருட்படுத்த வேண்டியதாகிறது.

பிட்டிலேயே எண்ணிய ஸ்டாப்ஸ்

பழைய யுனிக்ஸில் புழங்கிய ஸ்டாப்ஸ் என்ற முறையை, பெர்க்லியில் பாஸ்கல் மொழிக்கான ஒரு வழுநீக்கிக்காக பீட்டர் கெஸ்லர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அது தகவலைச் சரங்களாகவே எழுதியது. ஸ்ட்ரக்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், வகை, பிறகு இரண்டு எண்கள்: ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பிட், எத்தனை பிட் அகலம். சாதாரண உறுப்புக்கும் பிட் புலத்துக்கும் வேறுபாடே இல்லை. முழு எண் ஒன்றுக்கு அகலம் 32 என்று வரும், பிட் புலத்துக்கு 5 என்று வரும். அலகு, எல்லை போன்ற கணக்கெல்லாம் இல்லை. பிற்காலத்து முறைகள் சுற்றிப்போய்த் திரும்பி வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் சரமாக எழுதுவதன் கனமும், வகைகளை விரிவாகச் சொல்ல முடியாமையும் ஸ்டாப்ஸை ஓரங்கட்டின.

மேலிருந்து எண்ணிய டுவார்ஃப்

டுவார்ஃப் என்ற வழுநீக்கத் தகவல் முறை 1980களில் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸுக்காக பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு பரவலாக வேரூன்றியது. அதில் பிட் புலத்துக்கு நான்கு விவரங்கள். புலத்தைத் தாங்கும் சேமிப்பு அலகு எத்தனை பைட். அந்த அலகு ஸ்ட்ரக்டில் எங்கே தொடங்குகிறது. புலத்தின் அகலம் எத்தனை பிட். கடைசியாக 'பிட் ஆஃப்செட்', அதாவது அலகின் உச்ச பிட்டிலிருந்து புலத்தின் உச்ச பிட் வரை எத்தனை பிட்.

நம் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்வோம். நிலைக்கு 3 பிட், வழித்தடத்துக்கு 5, எண்ணிக்கைக்கு 12. லிட்டில் எண்டியன் சில்லில் கம்பைலர் கீழிருந்து நிரப்பும். ஆகவே வழித்தடம் 3ஆம் பிட்டில் தொடங்கி 7இல் முடிகிறது. டுவார்ஃப் 2 அதை 24 என்று எழுதும்: 32இலிருந்து 3ஐயும் 5ஐயும் கழித்தது. நிலை 29 ஆகும், எண்ணிக்கை 12 ஆகும். ரப்பர் நிரையில் ரோட்டோரத்திலிருந்து நடந்து மரம் வெட்டுகிறவரிடம், மரத்தின் எண்ணை ஆற்றோரத்திலிருந்து எண்ணிச் சொன்னது போல. கணக்கு தப்பில்லை, ஆனால் நிரையில் மொத்தம் எத்தனை மரம் என்று தெரியாதவருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

பிக் எண்டியனில் இந்தச் சிக்கல் வராது. அங்கே கம்பைலர் மேலிருந்து நிரப்புவதால் 0, 3, 8 என்று இயல்பாக வரும். மோட்டோரோலா 68000, ஸ்பார்க் போன்ற அன்றைய யுனிக்ஸ் பணிநிலையங்களுக்குப் பொருந்திவந்த முறை, எக்ஸ்86இலும் பிறகு ஆர்மிலும் கழித்தல் கணக்காகிவிட்டது. கம்பைலர் தன்னிடம் 3 என்று இருந்ததை 24 ஆக்கி எழுதுகிறது. ஜிடிபி என்ற வழுநீக்கி அந்த 24ஐப் படித்து, அலகின் அளவிலிருந்து கழித்து, மறுபடி 3 ஆக்கித் தன் உள்ளட்டவணையில் வைத்துக்கொள்கிறது. இரண்டு தரப்பும் செய்யும் வேலை ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. இடையில் ஒருவர் அலகின் அளவைத் தப்பாக எடுத்தாலும் புலம் இடம்மாறிவிடும்.

இன்னும் இரண்டு குறைகள். ஒரே புலத்துக்குப் பல சரியான வருணனைகள் சாத்தியம். நம் வழித்தடத்தை 4 பைட் அலகில் 24 என்றும் எழுதலாம். முதல் பைட்டை மட்டும் அலகாகக் கொண்டு 0 என்றும் எழுதலாம். இரண்டும் அதே ஐந்து பிட்டைத்தான் காட்டுகின்றன. இரண்டு கம்பைலர்களின் வெளியீட்டை நேருக்கு நேர் ஒப்பிட முடியாமல் போனதற்கு இதுவும் காரணம். மற்றது, 'பேக்ட்' என்று இறுக்கிக் கட்டிய ஸ்ட்ரக்ட். அதில் ஒரு புலம் அலகின் எல்லையைத் தாண்டி நிற்கலாம். 30ஆம் பிட்டில் தொடங்கும் 5 பிட் புலத்தை 32 பிட் அலகில் வைத்து மேலிருந்து எண்ணினால் விடை மைனஸ் 3. இப்படி எதிர்ம எண் வரலாம் என்பதற்காகவே ஜிசிசியிலும் எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பிலும் குறியுள்ள எண்ணாக எழுதும் தனிக்கிளை இருக்கிறது. தூரத்தைச் சொல்ல வந்த எண் மைனஸாகப் போகிறது என்றால், அளக்கத் தொடங்கிய இடமே பிசகு என்றுதான் பொருள்.

2010இன் திருத்தமும் அது வந்துசேர்ந்த வேகமும்

2010 ஜூனில் வந்த டுவார்ஃப் 4 இதை நேராக்கியது. 'டேட்டா பிட் ஆஃப்செட்' என்ற புதிய பண்பு, ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து புலத்தின் தொடக்கம் வரை எத்தனை பிட் என்று மட்டும் சொல்லும். அலகின் அளவு தேவையில்லை, கழித்தல் தேவையில்லை. நம் மூன்று புலங்களும் 0, 3, 8. பிக் எண்டியனிலும் அதே 0, 3, 8. பழைய பண்பு கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் வந்த டுவார்ஃப் 5 அதை நீக்கியேவிட்டது.

எண் ஒன்றாக இருந்தாலும் அதன் பொருள் கணினியைப் பொறுத்தே அமைகிறது. பிக் எண்டியனில் அது புலத்தின் உச்ச பிட்டையும், லிட்டில் எண்டியனில் அடி பிட்டையும் குறிக்கும். படிக்கும் கருவிக்குக் கணினியின் பைட் வரிசை தெரிந்திருக்க வேண்டும். 2016இல் வந்த ஜிசிசி 6, ஒரு ஸ்ட்ரக்டுக்கு மட்டும் பைட் வரிசையைத் திருப்பிப்போட வழி செய்தது. ஆகவே இப்போது கணினியின் வரிசை தெரிந்தால் மட்டும் போதாது, அந்த ஸ்ட்ரக்டின் வரிசையும் தெரிய வேண்டும்.

தரநிலை 2010இல் வந்தாலும் அது புழக்கத்துக்கு வந்த கதை மெதுவானது. ஜிடிபி இந்தப் பண்பைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2016 நவம்பரில்தான் என்று ஜிசிசியின் மூலநிரல் குறிப்பே சொல்கிறது. அதனால் ஜிசிசி டுவார்ஃப் 4 எழுதும்போதும் பிட் புலத்துக்குப் பழைய முறையையே வைத்துக்கொண்டது. டுவார்ஃப் 5 கேட்டால்தான் புதியதை எழுதும். டுவார்ஃப் 5ஐ இயல்பாக எழுதத் தொடங்கியது 2021இல் வந்த ஜிசிசி 11. எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங் பக்கத்திலும் ஒரு காலத்தில் ஜிடிபிக்காக எழுதும்போது மட்டும் பழைய முறைக்குத் திரும்பும் கிளை இருந்தது. இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. புரியாத பண்பைக் கண்டால் வழுநீக்கி பிழை என்று கத்துவதில்லை. அதைத் தாண்டிப்போய், புலம் 0ஆம் பிட்டில் இருப்பதாக நினைத்துத் தவறான எண்ணை அமைதியாகக் காட்டிவிடலாம். சில்லுத் தொழிலில் பழைய கருவித்தொகுப்பை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பது வழக்கம். கம்பைலர் புதிது, வழுநீக்கி பழையது என்ற கலவையில் பிட் புலம்தான் முதலில் பொய் சொல்லும்.

வேறு வழி போனவர்கள்

மைக்ரோசாஃப்டின் வழுநீக்கத் தகவல் வடிவமான கோட்வியூ பிட் புலத்தை ஒரு வகையாகவே பார்க்கிறது. உறுப்புக்குரிய பதிவில் அலகின் பைட் இடம் மட்டும் இருக்கும். அதன் வகையாக, அடிப்படை வகை, அகலம், அலகுக்குள் தொடங்கும் பிட் ஆகிய மூன்றையும் தாங்கிய தனிப் பதிவு சுட்டப்படும். லிட்டில் எண்டியன் உலகத்துக்காக எழுதப்பட்டதால் கீழிருந்தே எண்ணுகிறது. அலகை விடாமல் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் ஏபிஐக்குப் பொருத்தம், ஏனென்றால் அங்கே அலகுதான் புலத்தின் இடத்தையே தீர்மானிக்கிறது. எல்எல்விஎம் இந்த இரண்டு உலகத்துக்கும் எழுத வேண்டியிருப்பதால், தன் இடைநிலை வடிவத்தில் புலத்தின் பிட் இடத்தையும் அலகின் இடத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. எந்த வடிவம் கேட்டாலும் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோலாரிஸின் சிடிஎஃப் வடிவத்தின் வழியில் வந்த பிடிஎஃப் வடிவம் லினக்ஸ் கெர்னலுக்கானது. 2018இல் லினக்ஸ் 4.18இல் சேர்ந்தபோது, பிட் புலத்தின் அகலம் முழுஎண் வகைக்குள்ளேயே புதைந்திருந்தது. 5 பிட் புலத்துக்கு ஒரு வகை, 6 பிட்டுக்கு இன்னொன்று. 'ஈனம்' (enum) வகையிலோ டைப்டெஃப் பெயரிலோ அமைந்த பிட் புலத்தை உள்ளபடி சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு வந்த 5.0இல் இது மாறியது: உறுப்புக்குரிய 32 பிட் எண்ணில் மேல் 8 பிட் அகலத்தையும் கீழ் 24 பிட் ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து பிட் இடத்தையும் தாங்கின. வகை தன் பெயரோடு தனியே நின்றது.

பிடிஎஃப் கொண்டுவந்த பெரிய மாற்றம் பயன்பாட்டில். ஒரு கெர்னலுக்காகத் தொகுத்த, கெர்னலுக்குள்ளேயே ஓடும் பிபிஎஃப் நிரல் வேறொரு கெர்னலில் ஏறும்போது, ஏற்றும் நிரலகம் அந்தக் கெர்னலின் பிடிஎஃப்பைப் பார்த்து, எந்தப் பைட்டிலிருந்து எத்தனை பைட் படிப்பது, இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை பிட் நகர்த்துவது என்ற எண்களை மாற்றியமைக்கிறது. முன்பெல்லாம் வருணனையில் பிழை வந்தால் திரையைப் பார்க்கும் ஒருவர் ஏமாந்துபோவார். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலே தப்பான பிட்டைப் படிக்கும்.

எந்த வடிவமும் சொல்லாதவை

இடமும் அகலமும் சரியாகச் சொல்லப்பட்டாலும் சில விவரங்கள் வெளியேயே நிற்கின்றன.

முதலாவது, அணுகும் அகலம். பிட் புலத்தில் எழுத வேண்டுமானால் கணினி சுற்றியுள்ள பைட்டுகளை எடுத்து, மாற்றி, திருப்பி வைக்க வேண்டும். எத்தனை பைட் எடுத்தது என்பது டுவார்ஃப்பில் இல்லை. பழைய அலகின் அளவும் அதற்குச் சான்று அல்ல. 2012இல் ஐஏ64 கணினியில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இது வெடித்தது. ஒரு பிட் புலமும் அதன் பக்கத்தில் ஒரு பூட்டும் இருந்தன. பிட் புலத்தில் எழுத ஜிசிசி எட்டு பைட்டையும் எடுத்துத் திருப்பி வைத்தது. அந்த இடைவெளியில் வேறொரு செயலகம் பூட்டில் செய்த மாற்றம் அழிந்துபோனது. சி11, சி++11 நினைவக விதிகள் பக்கத்து உறுப்பை இப்படித் தொடுவதைத் தடைசெய்கின்றன. ஆர்ம் ஏபிஐ 'வாலடைல்' பிட் புலத்தை அதன் அறிவிக்கப்பட்ட வகையின் முழு அகலத்தில்தான் தொட வேண்டும் என்கிறது. 32 பிட்டாக மட்டுமே படிக்கக்கூடிய ரிஜிஸ்டரை பைட்டாகப் படித்தால் சில சில்லுகளில் பஸ் பிழை எழும்; ஃபர்ம்வேர் எழுதுகிறவருக்கு இந்த விதி உயிர்நாடி.

இரண்டாவது, பெயரில்லாத புலங்கள். அகலம் 0 உள்ள பிட் புலம் அடுத்த புலத்தைப் புதிய அலகுக்குத் தள்ளும். அது வழுநீக்கத் தகவலில் பொதுவாக எழுதப்படுவதில்லை. விளைவாகிய இடைவெளி மட்டும் தெரியும். எல்எல்விஎம்மின் வழுநீக்கியான எல்எல்டிபி டுவார்ஃப்பிலிருந்து சி வகைகளை மறுபடி கட்டும்போது, அமைப்பு ஒத்துவருவதற்காகப் பெயரில்லாப் புலங்களைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, உகப்பாக்கம். கம்பைலர் ஒரு ஸ்ட்ரக்டை உடைத்து, நிலையைச் செயலகத்தின் ஒரு ரிஜிஸ்டரிலும் வழித்தடத்தை இன்னொன்றிலும் வைத்துவிடலாம். அப்போது வகையின் வருணனை மாறாது; மாறியின் இருப்பிட வருணனை துண்டுதுண்டாக எழுதப்பட வேண்டும். இதற்காக டுவார்ஃப் 3 பிட் அளவிலான துண்டுகளைச் சொல்லும் செயற்குறியைச் சேர்த்தது. இங்கே கம்பைலர் ஒரு துண்டை எழுத மறந்தால் வழுநீக்கி 'உகப்பாக்கத்தில் நீங்கியது' என்று கைவிரித்துவிடும்.

இந்தக் குறைகளால்தான் சில்லுத் தொழிலில் இன்னொரு வருணனை தனியாக வளர்ந்தது. ஆர்ம் வகுத்த எஸ்விடி கோப்பு, சில்லின் ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் எக்ஸ்எம்எல்லில் சொல்கிறது: புலத்தின் தொடக்க பிட்டும் அகலமும், அல்லது அடி பிட்டும் உச்ச பிட்டும். அதோடு ரிஜிஸ்டரின் அளவு, படிக்க மட்டுமா எழுதவும் கூடுமா, படித்தாலே மதிப்பு அழியுமா என்பனவும் அதில் உண்டு. கடைசிக் குறிப்பு அற்பமானதல்ல. படித்தவுடன் தானே அழியும் கொடி பிட் ஒன்று இருந்தால், வழுநீக்கியின் சாளரத்தைத் திறந்த மாத்திரத்தில் தேடிவந்த தடயமே போய்விடும். ஸ்ட்ரக்டின் டுவார்ஃப் வருணனையில் இந்த எச்சரிக்கைக்கு இடமில்லை.

மதிப்பீடு

நாற்பது ஆண்டு அனுபவம் ஒரு திசையைத் தெளிவாகக் காட்டுகிறது. பொருள் எங்கே இருக்கிறது என்பதையும், கணினி அதை எப்படி எடுக்கிறது என்பதையும் ஒரே எண்ணில் கலந்த முறைகள் எல்லாம் தடுமாறின. டுவார்ஃப் 2இன் பிட் ஆஃப்செட்டும் முதல் பிடிஎஃப்பும் அதற்குச் சாட்சி. இரண்டையும் பிரித்தவை நிலைத்தன. இடத்துக்குத் தொடக்கத்திலிருந்து பிட் எண்ணிக்கை போதும். டுவார்ஃப் 5, பிடிஎஃப் இரண்டும் அங்கே வந்துசேர்ந்துவிட்டன. அணுகும் அகலம் இன்னும் அநாதையாக நிற்கிறது. அதை வாலடைல் புலங்களுக்காவது தனிப் பண்பாக எழுதும் வழி வந்தால், எஸ்விடியும் டுவார்ஃப்பும் ஒன்றையொன்று சரிபார்க்க முடியும்.

அதுவரை, சோதனைப் பலகையின் முன் இருப்பவர் செய்யக்கூடியவை உண்டு. கம்பைலரை மாற்றும்போது வழுநீக்கியையும் சேர்த்து மாற்றுங்கள். முடியாவிட்டால் வழுநீக்கிக்குப் புரியும் டுவார்ஃப் பதிப்பைக் கம்பைலரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். ரிஜிஸ்டர் ஸ்ட்ரக்டுகளைப் பஹோல் கருவியில் போட்டு, எங்கே எத்தனை பிட் ஓட்டை என்று ஒருமுறை பாருங்கள். சில்லின் கையேட்டு அட்டவணையோடு அது ஒத்துவர வேண்டும். கம்பைலர் விட்டுக் கம்பைலர் தாவ வேண்டிய நிரலானால் பிட் புலத்தை விட்டு, முகமூடி எண்ணும் நகர்த்தலும் எழுதுவதே நல்லது. வழுநீக்கியில் வாசிக்க எளிது என்பதற்காகப் பிட் புலத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் திரையில் தெரியும் எண் நம்பமுடியாததாக இருந்தால், நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த 32 பிட்டையும் பதினறும எண்ணாக எடுத்துக் கையாலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். குற்றம் நிரலிலா வருணனையிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.